அம்மா இருக்கிற பிள்ளைகள்

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் ஊர்ப் பக்கத்துக் குழந்தைகள் இல்லத்தில் கேக் மிஞ்சும். காலையில் ஒரு சபையார் வந்து கேரல் பாடிவிட்டுப் போவார்கள். மதியம் ஒரு கம்பெனியிலிருந்து பிரியாணி வரும். சாயங்காலம் கல்லூரி மாணவர்கள் வேனில் வந்து இறங்குவார்கள். பிள்ளைகள் ஒவ்வொரு கூட்டத்துக்கும் வரிசையாகப் பாயில் உட்கார்ந்து, பாட்டுப் பாடி, பொட்டலம் வாங்கி, “தேங்க்யூ அங்கிள், தேங்க்யூ ஆன்ட்டி” சொல்லி எழுந்திருப்பார்கள். பொங்கல் கழிந்ததும் வாசல் அடங்கிவிடும். ஜூனில் பள்ளி திறக்கும்போது செருப்பு வேண்டும், ஜாமெட்ரி பாக்ஸ் வேண்டும், வளர்ந்துவிட்ட பெண்பிள்ளைகளுக்கு உள்ளாடையும் நாப்கினும் வேண்டும், போன வருஷம் வாங்கிய கண்ணாடியின் பவர் மாறியிருக்கும். அந்த மாதத்தில் எந்த வேனும் வந்து நிற்பதில்லை.

நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவள். எங்கள் பெண்கள் ஐக்கியச் சங்கத்திலிருந்து நாங்கள் மூன்று பேர் பல வருஷமாகச் சனிக்கிழமைதோறும் அந்த இல்லத்துக்குப் போய்வருகிறோம். புதிதாக இந்த ஊழியத்தைத் தொடங்க நினைக்கிற சபைகளிலிருந்து யாராவது கேட்டு வந்தால், அவர்களுடைய முதல் கேள்வி “என்ன கொண்டுபோகலாம்?” என்பதாகத்தான் இருக்கும். அதற்குப் பதில் இருக்கிறது, சொல்கிறேன். அதற்கு முன்னால் அங்கே இருக்கிற பிள்ளைகள் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒருமுறை வெளியூரிலிருந்து வந்த குழுவின் தலைவர் மிகவும் உருக்கமாக ஜெபித்தார். தாயும் இல்லாமல் தகப்பனும் இல்லாமல் தவிக்கிற இந்த அனாதைப் பிள்ளைகளைக் கண்ணோக்கிப் பாரும் ஆண்டவரே என்று அவர் அழுதபோது, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஏழாம் வகுப்புப் பையன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். ஆமென் சொல்லி முடிந்ததும் என் காதருகே வந்து சொன்னான்: “டீச்சர், எங்கம்மா இருக்காங்கல்லா. உப்பளத்துக்குப் போறாங்க.”

அந்த இல்லத்தில் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ இருக்கிறார்கள். இருவரும் இல்லாவிட்டால் ஒரு ஆச்சியோ சித்தியோ இருப்பார்கள். தகப்பன் குடித்தே செத்திருப்பார், அல்லது இன்னொரு குடும்பத்தோடு போயிருப்பார். தாய் உப்பளத்திலோ, தீப்பெட்டி ஆபீசிலோ, செங்கல் சூளையிலோ வேலை பார்த்துக்கொண்டு, இருக்கிற மூன்றில் இரண்டு பிள்ளைகளை இங்கே விட்டிருப்பாள். இவர்கள் போக, வீட்டிலேயே கொடுமைக்கு ஆளாகி மீட்கப்பட்டவர்கள், கல்யாணம் நிறுத்தப்பட்டு வந்த பெண்பிள்ளைகள், ரயில் நிலையத்தில் கண்டெடுக்கப்பட்டவர்கள் என்று சிலர். சொந்தம் என்று சொல்ல ஒருவர்கூட இல்லாத பிள்ளைகளும் உண்டு. அவர்கள் கொஞ்சம் பேர்தான்.

தென்மாவட்டத்துச் சபைகளுக்கு இந்த ஊழியம் பழையது. 1876 முதல் 1878 வரை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் ஊர் ஊராக ஜனங்கள் செத்தபோது, தாய் தகப்பன் இருவரையும் இழந்த பிள்ளைகள் மிஷன் வளாகங்களில் வந்து சேர்ந்தார்கள். நாசரேத்தில் மர்காஷிஸ் ஐயர் என்ற மிஷனெரி அப்படி வந்தவர்களை வளர்த்துக் கைத்தொழிலும் கற்றுக்கொடுத்தார். பிறகு 1901 முதல் டோனாவூரில் எமி கார்மைக்கேல் என்ற மிஷனெரி அம்மையார், கோயிலுக்குப் பொட்டுக்கட்ட விடப்பட இருந்த பெண்பிள்ளைகளையும் ஆபத்திலிருந்த மற்றப் பிள்ளைகளையும் காத்து வளர்த்தார். நம் மனதில் இருக்கிற அனாதைப் பிள்ளையின் படம் அந்தக் காலத்திலிருந்து வந்ததாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் டோனாவூரிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய வேறொன்று இருக்கிறது. அங்கே எல்லாப் பிள்ளைகளையும் ஒரே கூடத்தில் படுக்கவைக்கவில்லை. சின்னச் சின்ன வீடுகளாகப் பிரித்து, வீட்டுக்கு ஒரு பொறுப்பாளரை வைத்தார்கள். ஊழியம் செய்த பெண்களை அக்காள் என்றும் சித்தி என்றும், ஆண்களை அண்ணாச்சி என்றும் பிள்ளைகள் அழைத்தார்கள். தனக்கென்று ஒரு ஆள் இல்லாமல் பிள்ளை வளராது என்பதை அந்த அம்மையார் அறிந்திருந்தார்.

அதையே இன்றைக்கு ஆராய்ச்சிகளும் சொல்கின்றன. ருமேனியாவின் புக்காரெஸ்ட் நகரில் 2000த்தை ஒட்டிய ஆண்டுகளில் தொடங்கிய ஓர் ஆய்வு, இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, அவர்களில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்துப் பல வருஷம் தொடர்ந்து பார்த்தது. குடும்பத்துக்குப் போன குழந்தைகள் பேச்சிலும் அறிவிலும் பாசத்திலும் தேறினார்கள். இரண்டு வயதுக்குள் போனவர்கள் இன்னும் நன்றாகத் தேறினார்கள். நம் நாட்டில் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் தன் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்றாக, பிள்ளையை இல்லத்தில் வைப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறது. ஆகவே சபை இல்லத்துக்குப் போவது நல்லது. இல்லத்தின் சுவருக்கு வெளியே அந்தப் பிள்ளையின் அம்மா எங்கே இருக்கிறாள் என்று விசாரிப்பது அதைவிட நல்லது. நான் சொல்ல வந்தது இதுதான். மற்றதெல்லாம் இதைச் செய்வது எப்படி என்பது.

எந்த இல்லத்துக்குப் போகிறோம் என்பதிலிருந்து தொடங்கலாம். தமிழ்நாட்டு இல்லங்களில் பிள்ளைகள் துன்புறுத்தப்பட்டதைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017 மே மாதம் தீர்ப்பளித்து, நாட்டிலுள்ள எல்லாக் குழந்தைகள் இல்லங்களும் அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவாகியிருக்க வேண்டும் என்றது. பதிவில்லாமல் இல்லம் நடத்தினால் ஒரு வருஷம்வரை சிறையோ, ஒரு லட்ச ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ உண்டு என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 42ஆம் பிரிவு சொல்கிறது. நடத்துகிறவர் ஊழியக்காரர், நமக்குத் தெரிந்தவர் என்பதற்காக இதை விட்டுவிடக் கூடாது. பதிவுச் சான்றிதழைப் பார்க்கலாமா என்று மரியாதையாகக் கேளுங்கள். அலுவலக அறைச் சுவரிலேயே மாட்டிவைத்திருப்பார்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டாலும் சொல்வார்கள். கேட்டதற்குக் கோபப்படுகிற இல்லத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள். நல்ல இல்லம் உங்களிடமும் அடையாள அட்டை கேட்கும், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கும், பிள்ளைகளோடு தனியறையில் இருக்க உங்களை விடாது. எங்கள் இல்லத்தில் முதல் ஆறு மாதம் வார்டன் அக்கா நாங்கள் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற இடத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அதனால்தான் அவர்கள்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

போகிறவர்கள் குறைவாக இருக்க வேண்டும். மூன்று பேர், நான்கு பேர் போதும். அதே ஆட்கள், அதே கிழமை, அதே நேரம். சபையில் எல்லாருக்கும் ஆசீர்வாதம் கிடைக்கட்டும் என்று முறைவைத்து மாதம் ஒரு குழுவாக அனுப்புகிற வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அது வருகிறவர்களுக்குத்தான் நல்லது, பிள்ளைகளுக்கு அல்ல. ஒவ்வொரு மாதமும் ஒரு புது முகத்திடம் பெயர் சொல்லி, எந்த வகுப்பு சொல்லி, பெரியவனாகி என்னவாகப் போகிறாய் என்ற கேள்விக்கு “கலெக்டர்” சொல்லி அந்தப் பிள்ளைகள் சலித்துப்போகிறார்கள்.

முதல்நாளே ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்கிற சின்னப் பிள்ளைகளைப் பார்த்து, எவ்வளவு பாசம் பாருங்கள் என்று வந்தவர்கள் நெகிழ்ந்துபோவார்கள். முன்பின் தெரியாத எல்லாரிடமும் ஒரே மாதிரி ஒட்டிக்கொள்வது, அந்தப் பிள்ளைக்கு நிலையான ஆள் ஒருவர் அமையவில்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம் என்று குழந்தை மனநலம் படித்தவர்கள் சொல்வார்கள். தள்ளிவிடச் சொல்லவில்லை. தலையைத் தடவி, பெயரைக் கேட்டு, பக்கத்தில் உட்காரவையுங்கள். மடியில் தூக்கிவைத்து, போகும்போது பிள்ளை அழ அழக் கையைப் பிரித்துவிட்டு, பிறகு ஒரு வருஷம் வராமல் இருப்பது அவனுக்கு இன்னொரு இழப்பு. வருகிறேன் என்றால் வாருங்கள். வரமுடியாவிட்டால் வெள்ளிக்கிழமையே போன் செய்து, இன்ன காரணத்தால் வரவில்லை என்று பிள்ளைகளிடமே சொல்லச் சொல்லுங்கள். வரவில்லை என்பதைத் தாங்கிக்கொள்வார்கள். வாசலைப் பார்த்துக் காத்திருப்பதுதான் அவர்களுக்குப் பாரமாக இருக்கிறது.

போகும்போது கையில் ஒரு வேலை இருக்க வேண்டும். நான் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பள்ளி மாறி மாறி வந்த பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பிலும் கடன் வாங்கிக் கழிப்பது தெரியாது. வகுப்பில் கேட்கவும் கூச்சம். அவர்களை மூன்றாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து, மற்றவர்கள் பார்க்காத ஒரு மூலையில் உட்காரவைத்துத் தொடங்க வேண்டும். எங்களில் ஒருவர் தையல் தெரிந்தவர். கிழிந்த யூனிஃபார்மைத் தைத்துத் தந்துகொண்டே பெண்பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறார். அவர்கள் அவரிடம் பேசுகிற அளவுக்கு என்னிடம்கூடப் பேசுவதில்லை. ஊசியும் துணியும் கையில் இருக்கும்போது கண்ணைப் பார்க்காமலே பேசலாம் அல்லவா. மூன்றாமவர் ஓய்வுபெற்ற நர்ஸ். தலையில் பேன், கையில் சொறி, சொத்தைப் பல், இரத்தசோகை இவற்றைப் பார்த்து, யாரை எந்த நாளில் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று வார்டன் அக்காவிடம் எழுதிக்கொடுப்பார்.

பிள்ளை உங்களிடம் மனம்விட்டுப் பேசத் தொடங்கும்போது கவனம் கூடுதலாக வேண்டும். “யார்ட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க டீச்சர்” என்று ஒரு பிள்ளை கேட்டால் சத்தியம் செய்யாதீர்கள். “உனக்கு உதவி செய்யிறவங்ககிட்ட மட்டும் சொல்வேன்” என்று உண்மையைச் சொல்லுங்கள். யாராவது தவறாகத் தொட்டதாகவோ அடித்ததாகவோ சொன்னால் துருவித் துருவிக் கேட்க வேண்டாம். சொன்ன வார்த்தையை அப்படியே எழுதிவைத்துக்கொண்டு குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழையுங்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் காவல்துறையிடம் தெரிவிப்பது ஒவ்வொருவருக்கும் கட்டாயம். குற்றம் சாட்டப்படுகிறவர் போதகராக இருந்தாலும், இல்லத்து நிர்வாகியாக இருந்தாலும், சபையின் பெயர் கெட்டுவிடும் என்று கமிட்டி கூடிப் பேசி முடிக்கிற காரியம் அல்ல அது.

சாட்சி சொல்லவைப்பதை நிறுத்த வேண்டும். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். அப்பா அம்மாவை எப்படி அடித்தார், தான் எப்படித் தெருவில் நின்றேன், ஆண்டவர் எப்படி இங்கே கொண்டுவந்தார் என்று பத்து வயதுப் பிள்ளையை மைக் முன்னால் நிற்கவைத்துப் பேசவைக்கிறார்கள். கேட்கிறவர்கள் அழுது காணிக்கை போடுகிறார்கள். தன் வாழ்க்கையிலேயே மிக மோசமான நாளை வந்தவர்களுக்கெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டுகிற பிள்ளைக்கு அந்த நாள் எப்போது முடியும்? போட்டோவும் அப்படித்தான். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுகிற பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளி, அடையாளம் தெரிகிற எந்த விவரத்தையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது. மீறினால் ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டு லட்சம்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்தானே என்று நினைக்க வேண்டாம். அந்தப் பிள்ளையோடு படிக்கிறவர்களின் வீட்டுப் போனிலும் அது வந்து நிற்கும். வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்கட்டும் என்று நம் ஆண்டவர் சொல்லியிருக்க, நாம் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சாக்லேட் கொடுக்கலாகாது.

இல்லத்தில் இந்துக் குடும்பத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பிள்ளையை எங்கே வைப்பது என்று முடிவுசெய்கிற அரசின் குழந்தைகள் நலக் குழு மதம் பார்த்துப் பிள்ளைகளைப் பிரித்து அனுப்புவதில்லை. நாங்கள் போனதும் ஒரு பாட்டு, ஒரு சின்ன ஜெபம் உண்டு. வர விருப்பமுள்ள பிள்ளைகள் வருவார்கள். வராதவர்கள் கேரம் விளையாடுவார்கள். அவர்களுக்கும் அதே சுண்டல், அதே கணக்கு வகுப்பு. ஒரு பையன் திருநீறு பூசிக்கொண்டுதான் பரீட்சைக்குப் போவான். அவன் அம்மா கொடுத்துவிட்ட திருநீறு அது. அதைத் தொட்டுப் பேச எனக்கு உரிமை இல்லை. திக்கற்ற பிள்ளைகளுக்குத் தகப்பன் என்று சங்கீதம் சொல்கிற தேவனை நான் விசுவாசிக்கிறேன். அவர் தம் அன்புக்கு நிபந்தனை வைக்கவில்லை.

இனி, என்ன கொண்டுபோகலாம் என்ற கேள்வி. முதலில், இல்லத்தைக் கேட்காமல் எதையும் கொண்டுபோகாதீர்கள். வெளியிலிருந்து சமைத்த சாப்பாடு வேண்டாம். 2022 அக்டோபரில் திருப்பூர்ப் பக்கத்து இல்லம் ஒன்றில், கெட்டுப்போன உணவால் என்று சந்தேகிக்கப்பட்ட சம்பவத்தில் மூன்று சிறுவர்கள் இறந்துபோனார்கள். கல்யாண வீட்டில் மிஞ்சியதை இரவு பத்து மணிக்குக் கொண்டுவந்து இறக்குகிறவர்களை எங்கள் வார்டன் அக்கா கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிறந்தநாளுக்குச் சாப்பாடு போட ஆசையென்றால், அரிசியும் கறியும் வாங்க முந்தின நாளே பணம் கொடுத்து, இல்லத்துச் சமையல்காரரையே சமைக்கச் சொல்லி, நீங்களும் அதே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். பழைய துணி வேண்டாம். பட்டன் போன சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனால், அது எங்கிருந்து வந்தது என்று வகுப்பிலுள்ள எல்லாருக்கும் தெரியும்.

யாரும் கொடுக்காத பொருட்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கொசுவலை, கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள், இன்வெர்ட்டர் பேட்டரி, தண்ணீர்த் தொட்டி கழுவும் கூலி, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு வினாத்தாள் தொகுப்பு, ஒவ்வொரு பிள்ளைக்கும் பூட்டுப்போட்ட ஒரு சின்னப் பெட்டி. அந்தப் பெட்டிக்கு நான் மிகவும் மதிப்புக் கொடுப்பேன். எல்லாம் பொதுவாக இருக்கிற இடத்தில், அம்மாவின் போட்டோவையும் ஒரு கலர் பென்சிலையும் பத்திரமாக வைத்துக்கொள்ள அந்தப் பிள்ளைக்கு அதுதான் வீடு.

எல்லாவற்றையும்விடத் தேவையானதும் கொடுப்பதற்கு ஆளில்லாததும் ஊழியர் சம்பளம். நாற்பது பிள்ளைகளை இரவும் பகலும் பார்த்துக்கொள்கிற பெண்களுக்குக் கைக்கு வருவது சொற்பம். நல்ல ஆட்கள் ஒரு வருஷத்தில் ஜவுளிக்கடை வேலைக்குப் போய்விடுகிறார்கள். பிள்ளைகள் மறுபடியும் ஒரு புது அக்காவுக்குப் பழக வேண்டியிருக்கிறது. எங்கள் சங்கம் கேக் செலவைக் குறைத்துவிட்டு, ஒரு அக்காவின் சம்பளத்தில் ஒரு பங்கை மாதாமாதம் கொடுக்கிறது. அவர் வேலையை விடாமல் இருந்ததால் கூடப்பிறந்த இரண்டு பெண்பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே ஆளிடம் வளர்கிறார்கள். இதைச் சபையில் சொல்லி வசூலிப்பது கடினம். சம்பளத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுக்க முடியாதே. பணம் எதுவானாலும் ரசீது வாங்குங்கள், வருஷக் கணக்கைக் கேளுங்கள். பிரிஸ்டல் நகரில் 1836இல் இல்லம் தொடங்கிய ஜார்ஜ் முல்லரை, ஜெபத்தாலேயே ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் போஷித்தவர் என்று நம் பிரசங்கங்களில் சொல்வோம். வந்த காணிக்கைகளுக்கு அவர் ரசீது கொடுத்ததையும், கணக்கை வருஷந்தோறும் அச்சிட்டு வெளியிட்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி அம்மாக்களிடம் வருகிறேன். அந்த ஏழாம் வகுப்புப் பையனின் அம்மா பல மாதமாக அவனைப் பார்க்க வரவில்லை. அவளுக்குப் பிள்ளைமேல் அக்கறையில்லை என்று பலரும் பேசினார்கள். நானும் எங்கள் தையல் அக்காவும் ஒருநாள் அவள் ஊருக்கே போனோம். வெயிலில் கறுத்து, உப்புத் தண்ணீரில் பாதம் வெடித்திருந்தது. உட்காரச் சொல்லி ஆளுக்கொரு செம்பு தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: “என் புள்ளையப் பாக்க ஆசையில்லாமலா இருக்கும் டீச்சர்? ஒரு நாள் போகலன்னா அன்னைக்குக் கூலி கெடையாது. டவுன் பஸ்ஸுல பொம்பளைகளுக்கு டிக்கெட் காசு வாங்கமாட்டாங்க, சரிதான். அதுக்கப்புறம் வெளியூர் பஸ்ஸுக்குக் குடுக்கணும்லா. வெறுங்கையோட போய் நிக்கவும் மனசு கேக்கல.”

அன்றிலிருந்து எங்கள் சங்கத்துக் கணக்கில் ‘அம்மாக்கள் பஸ் செலவு’ என்று ஒரு தலைப்பு இருக்கிறது. மாதம் ஒருமுறை இல்லம் அனுமதிக்கிற பார்வை நாளில் வருகிற தாய்மாருக்குப் போகவர டிக்கெட் காசும், அன்றைய கூலியில் ஒரு பங்கும் கொடுக்கிறோம். வார்டன் அக்கா கையால்தான் கொடுக்கிறோம். எங்கள் பெயர் தெரிய வேண்டியதில்லை. அம்மா பிள்ளைக்கு வாங்கிக்கொடுக்க முறுக்கும் பழமும் முன்கூட்டியே வாங்கி அலுவலகத்தில் வைத்திருப்போம். அவள் கையால் அவள் கொடுப்பாள். ஊரிலிருந்து வரவே முடியாத ஆச்சிமாருக்கு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலுக்கு ஏற்பாடு உண்டு. நாங்கள் செலவழித்த பணத்தில் இவ்வளவு பலன் தந்தது வேறெதுவும் இல்லை. அம்மா மாதாமாதம் வரத் தொடங்கியபின் அந்தப் பையன் படுக்கையை நனைப்பது நின்றது.

அடுத்த படி, பிள்ளை வீட்டுக்கே திரும்ப முடியுமா என்பது. இதை முடிவுசெய்கிற அதிகாரம் குழந்தைகள் நலக் குழுவுக்குத்தான், சபைக்கு அல்ல. வீட்டில் ஆபத்து இருந்து வந்த பிள்ளைகளை நாம் நல்லெண்ணத்தோடு சேர்த்துவைக்கப் போய்விடக் கூடாது. வறுமை மட்டுமே காரணம் என்றால் வழி இருக்கிறது. மிஷன் வாத்சல்யா என்ற அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தின் நிதி ஆதரவில் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும். கிராமத்தில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள்ளும், மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள்ளும் இருக்க வேண்டும். விதவைத் தாயின் பிள்ளை, கைவிடப்பட்ட தாயின் பிள்ளை, சொந்தக்காரர் வீட்டில் வளர்கிற தாய் தகப்பனற்ற பிள்ளை ஆகியோருக்கு இது பொருந்தும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். இதுபோக, கணவனை இழந்த ஆதரவற்ற பெண்ணுக்கு மாநில அரசின் மாத உதவித்தொகை 1,200 ரூபாய் இருக்கிறது.

திட்டம் இருப்பது வேறு, அது அந்தத் தாயின் கைக்கு வருவது வேறு. கணவனின் இறப்புச் சான்றிதழ் இருக்காது. ரேஷன் கார்டில் பிள்ளையின் பெயர் இருக்காது. ஆதாரில் ஒரு இனிஷியல், பள்ளிச் சான்றிதழில் வேறு இனிஷியல் இருக்கும். வங்கிக் கணக்கு உறங்கிப்போயிருக்கும். இங்கேதான் சபையில் எல்லாருக்கும் வேலை இருக்கிறது. எங்கள் சபையில் ஓய்வுபெற்ற தாலுகா அலுவலக ஊழியர் ஒருவர் உண்டு. பிள்ளைகளோடு விளையாட அவருக்கு வராது. ஆனால் எந்தச் சான்றிதழுக்கு எந்த மேசை, இ-சேவையில் எதைப் பதிவேற்ற வேண்டும் என்பது அவருக்கு அத்துபடி. அந்த உப்பளத்துத் தாய்க்கு அவர் அலைந்து வாங்கித்தந்த காகிதங்களால்தான் காரியம் நடந்தது. சமூகப் பணியாளர் வீட்டுக்குப் போய் விசாரித்து அறிக்கை கொடுத்தார். பள்ளி விடுமுறையான மே மாதத்தில், படிப்பு பாதியில் நிற்காதபடி, குழு பையனை அம்மாவோடு அனுப்பிவைத்தது. இப்போது ஊர்ப் பள்ளியிலேயே படிக்கிறான். கணக்கில் சந்தேகம் வந்தால் போனில் கூப்பிடுவான். நாங்கள் அவன் வீட்டுக்குப் போய்வருவதை நிறுத்தவில்லை. வீடு திரும்பிய பிள்ளைக்கு முதல் ஒரு வருஷம்தான் கடினம். அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் இரண்டு வாரம் வேலை நின்றாலும் மறுபடி இல்லத்து வாசலுக்கே வந்துவிட வேண்டியிருக்கும். அந்த இரண்டு வாரத்துக்கு அரிசி கொண்டுபோய்க் கொடுப்பதும் இந்த ஊழியம்தான்.

யாராவது ஒரு கைக்குழந்தையை உங்களிடம் கொண்டுவந்து, “சபையில குழந்தையில்லாதவங்களுக்குக் குடுத்திரலாமா?” என்று கேட்டால், கேட்கிறவரின் கண்ணீரைப் பார்த்து இசைந்துவிடாதீர்கள். 1098க்கோ குழந்தைகள் நலக் குழுவுக்கோ சொல்லுங்கள். கிடைத்த பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழுவின் முன் கொண்டுபோக வேண்டும். தத்தெடுக்க விரும்புகிற தம்பதியர் மத்தியத் தத்தெடுப்பு வள ஆணையத்தின் இணையதளத்தில் பதிவுசெய்து காத்திருக்க வேண்டும். காத்திருப்பு நீண்டது, அந்த வேதனையை நான் அறிவேன். ஆனாலும் குறுக்கு வழியில் வந்த பிள்ளையின் பிறப்புக் காகிதம் வாழ்நாளெல்லாம் பொய்யாகவே இருக்கும்.

கடைசியாக, 18 வயது முடிகிறவர்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு இல்லத்தை விட்டு வெளியேற வேண்டியவர்கள் இவர்கள். பிற்காப்புத் திட்டத்தில் 21 வயதுவரை, சிறப்புக் காரணம் இருந்தால் 23 வரை உதவி பெற வழி இருக்கிறது. விண்ணப்பத்தைப் பதினேழு வயதிலேயே தொடங்க வேண்டும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்பிள்ளைகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் வரும். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் உண்டு. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் எல்லாம் பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வருவதற்கு முன்னால் கையில் இருக்க வேண்டும். வந்தபிறகு ஓடினால் கவுன்சலிங் முடிந்துவிடும்.

காகிதத்தால் தீராத ஒன்றும் இருக்கிறது. கல்லூரி விடுதியைத் தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் மூடும்போது இந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? பழைய இல்லத்தில் இடமில்லை. எங்கள் சபையில் நான்கு குடும்பங்கள் இதற்கு முன்வந்திருக்கின்றன. பிள்ளை சின்ன வயதிலிருந்தே பழகிய குடும்பமாகப் பார்த்து, இரு தரப்பும் சம்மதித்த பிறகு, போதகர் ஐயாவுக்கும் இல்லத்துக்கும் தெரியவே இந்த ஏற்பாடு. விடுமுறைக்கு வந்து தங்கலாம், காய்ச்சல் என்றால் போன் செய்யலாம், கல்லூரிப் படிவத்தில் உள்ளூர்ப் பாதுகாவலர் என்ற இடத்தில் அவர்கள் பெயரை எழுதலாம். நர்சிங் படிக்கிற ஒரு பெண் போன விடுமுறைக்கு எங்கள் வீட்டில்தான் இருந்தாள். சமையலறையில் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று என்னைவிட நன்றாக அவளுக்குத் தெரியும். வரும் ஜூனில் இன்னும் இரண்டு பெண்பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள். ஒருத்திக்கு வீடு அமைந்துவிட்டது. மற்றவளுக்காக, தையல் அக்கா வீட்டு மாடியறையை ஒழுங்குபண்ண முடியுமா என்று இந்த வாரம் சங்கத்தில் பேச இருக்கிறோம்.